கேட்கத் தெரிந்தால் போதும்

குமாஸ்தாக்களில் இரண்டு ரகம் உண்டு. "போன வருஷம் வரி கட்டியதற்கு நகல் வேண்டும்" என்று நீங்கள் போய் நின்றால், ஒருவர், "எந்த பீரோ? எந்தத் தட்டு? எத்தனையாவது கட்டு?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார். மற்றொருவர், "உட்காருங்கள், ஸார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து தருவார். முதல் ரகத்தாரிடம் காரியம் ஆக வேண்டுமானால், அந்த ஆபீஸிலுள்ள பீரோக்களெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன்னால், பெரிய பெரிய கணக்குகளைச் சேமித்து வைத்திருந்த கணிப்பொறிகள் முதல் ரகக் குமாஸ்தாக்களாகவே இருந்தன. அவற்றை இரண்டாம் ரகமாக மாற்ற முடியும் என்று ஒருவர் கணித சாஸ்திரத்தைக் கொண்டு நிரூபித்துக் காட்டினார். நிரூபித்ததும் உலகம் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியே, அவர் சொன்னதைக் கடைக்குக் கொண்டுவரப் பத்து வருஷங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். யந்திரத்தைப் பற்றிய கதைதான். ஆனாலும் பயப்பட வேண்டாம், இதில் மனிதர்களே அதிகம்.

எட்கர் ஃபிராங்க் காட் என்பது அவர் பெயர். நண்பர்களுக்கு டெட் காட். 1923-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லண்டு என்ற சின்னத் தீவில் பிறந்தார். ஏழு குழந்தைகளில் கடைக்குட்டி. தகப்பனார் தோல் தொழில் நடத்தியவர். தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. ஆக்ஸ்போர்டில் கணிதமும் ரசாயனமும் படித்தார். இரண்டாவது மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாக இருந்தார். யுத்தம் முடிந்த பிறகு, 1948-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் அவரும் ஒருவர். நியூயார்க்கில் மேஸீஸ் என்ற பிரம்மாண்டமான கடையில் கொஞ்ச காலம் சாமான் விற்றார். பிறகு டென்னஸி சர்வகலாசாலையில் கணக்கு வாத்தியார் வேலை. 1949-இல் ஐ.பி.எம். கம்பெனியில் கணித நிபுணராகச் சேர்ந்தார்.

1953-இல் அமெரிக்காவில் மெக்கார்த்தி என்ற செனட்டர் கம்யூனிஸ்டு வேட்டையாடிக் கொண்டிருந்தார். அவர் விரல் நீட்டியவர்களுக்கெல்லாம் உத்தியோகம் போயிற்று, மானம் போயிற்று. இந்த அக்கிரமம் டெட் காட் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். 1957-இல்தான் திரும்பி வந்து மறுபடியும் ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். தமக்குச் சரியென்று பட்ட ஒன்றுக்காக நஷ்டத்தை ஏற்றுக்கொள்கிற சுபாவம் அவருக்கு உண்டு என்பதை வாசகர்கள் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் மாணவராகி, ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்தார். தன்னைத் தானே நகல் எடுத்துக்கொள்ளும் யந்திரம் சாத்தியமா என்ற கேள்விக்கு, வான் நாய்மன் என்ற மகா மேதை ஏற்கெனவே ஓர் அமைப்பை வகுத்திருந்தார். அதில் ஒவ்வொரு கட்டமும் 29 நிலைகளை எடுக்க வேண்டும். இவர் அதையே 8 நிலைகளில் செய்து காட்டினார். 1965-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. ஒரு சிக்கலைப் பார்த்தால், 'இதில் எவ்வளவு வேண்டாதது?' என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும் போலிருக்கிறது.

இந்தப் பார்வையோடுதான் அவர் கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரத்திலிருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சிசாலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் கண்ட சிக்கல் என்ன? அதை விளக்க, நமக்கெல்லாம் தெரிந்த மொய் நோட்டை எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாண வீட்டு மொய்யை ஒருவர் இப்படி எழுதி வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு கட்டு. கட்டுக்குள் குடும்பத்துக்கு ஓர் உறை. உறைக்குள் ஆளுக்கு ஒரு சீட்டு. "மதுரைக்காரர்கள் யார் யார் செய்தார்கள்?" என்று கேட்டால் கட்டை எடுத்து உடனே சொல்லிவிடலாம். "501 ரூபாய்க்கு மேல் செய்தவர்கள் யார்?" என்று கேட்டால் போயிற்று! எல்லாக் கட்டையும் அவிழ்த்து, எல்லா உறையையும் பிரிக்க வேண்டும். போதாக்குறைக்கு, யாராவது ஒரு புத்திசாலி வந்து, "ஊர்வாரியாக வேண்டாம், உறவுமுறை வாரியாகக் கட்டு" என்று மாற்றிவிட்டால், பழைய வழியை நெட்டுருப் போட்டு வைத்திருந்தவரின் பாடு திண்டாட்டம்தான்.

அன்றைய கணிப்பொறிகளில் தகவல்கள் இப்படித்தான் கட்டும் உறையுமாக இருந்தன. ஐ.பி.எம். கம்பெனியின் ஐ.எம்.எஸ். என்ற ஏற்பாடு, மரத்தின் கிளைகளைப் போல ஒன்றிலிருந்து ஒன்று பிரிவது. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்போலோ திட்டத்தில், ராக்கெட்டின் கணக்கற்ற பாகங்களுக்குக் கணக்கு வைப்பதற்காகப் பிறந்தது அது. 1968-இல் ஓடத் தொடங்கியது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சார்லஸ் பாக்மன் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் வேறொன்று செய்திருந்தார். அது மரமல்ல, வலை. ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்கு நூல் கட்டியிருக்கும். நூலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மரமானாலும் வலையானாலும், கேட்கிறவன் வழி தெரிந்தவனாக இருக்க வேண்டும். வழி தெரிந்தவன் என்றால் புரோகிராம் எழுதும் நிபுணன். கம்பெனி முதலாளிக்கே தம் கம்பெனியைப் பற்றி ஒரு புதுக் கேள்வி தோன்றினால், நிபுணர் புரோகிராம் எழுதி முடிக்கும் வரையில் அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

டெட் காட் சொன்ன வழி இது: கட்டும் வேண்டாம், உறையும் வேண்டாம். சாதாரண மொய் நோட்டைப் போல வரியும் பத்தியுமாக எழுதுங்கள். பெயர், ஊர், தொகை என்று மூன்று பத்தி. ஆளுக்கு ஒரு வரி. வரிகள் எந்த வரிசையில் இருந்தால் என்ன? அதற்கு அர்த்தம் கிடையாது. நாம் பிறர் வீட்டுக் கல்யாணங்களுக்குச் செய்ததை எழுதி வைத்த நோட்டு இன்னொன்று இருக்கும். "நாம் செய்ததைவிடக் குறைவாக நமக்குத் திருப்பிச் செய்தவர்கள் யார்?" என்ற கேள்வி வந்தால் — வீட்டில் யாரும் கேட்காத கேள்வி என்று சொல்ல மாட்டேன் — இரண்டு நோட்டையும் பெயரால் பொருத்திப் பார்த்தால் விடை வந்துவிடும். அந்த விடையும் வரியும் பத்தியுமான இன்னோர் அட்டவணைதான்! ஆகையால் விடையின் மேல் மறுபடியும் கேள்வி கேட்கலாம்; அதன் விடையின் மேல் இன்னொரு கேள்வி கேட்கலாம்.

இப்படிப்பட்ட அட்டவணைக்குக் கணித சாஸ்திரத்தில் 'உறவு' என்று பெயர். மாமன் மச்சான் உறவல்ல. ஒரு பெயரும் ஓர் ஊரும் ஒரு தொகையும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கிற உறவு. இந்த உறவுகளைக் கூட்டவும் கழிக்கவும் பொருத்தவும் பிரிக்கவும், எண்களுக்கு இருப்பதைப் போலவே பிசகாத விதிகள் உண்டு என்று அவர் காட்டினார். 1969-இல் கம்பெனிக்குள் ஓர் அறிக்கையாக எழுதினார். 1970-ஆம் வருஷம் ஜூன் மாதம், கணிப்பொறி நிபுணர்களின் சங்கப் பத்திரிகையில் 11 பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. அதன் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: தகவல் யந்திரத்துக்குள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவஸ்தையிலிருந்து, அதை உபயோகிப்பவரைக் காப்பாற்ற வேண்டும்.

கம்பெனி என்ன செய்தது? ஐ.எம்.எஸ். அப்போதுதான் நன்றாக விலை போய்க்கொண்டிருந்தது. பெரிய பெரிய நிறுவனங்கள் அதை வாங்கித் தங்கள் கணக்கையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டிருந்தன. கடையில் சரக்கு நன்றாக விற்கும்போது, "இந்தச் சரக்கு பழையது, நான் வேறு வழி கண்டிருக்கிறேன்" என்று கடைச் சிப்பந்தியே எழுந்து நின்று சொன்னால் முதலாளியின் முகம் எப்படி இருக்கும்? அவரை வெளியே அனுப்பவில்லை, 1976-இல் ஐ.பி.எம். தன் மிக உயர்ந்த ஆராய்ச்சிப் பதவியையே கொடுத்தது. கௌரவம் கொடுத்தார்கள்; காது கொடுக்கத்தான் யோசித்தார்கள். அவரும் விடவில்லை. மெக்கார்த்திக்காக நாட்டையே விட்டவர், கம்பெனியின் முகச்சுளிப்புக்கா அஞ்சுவார்?

1972-இல் நியூயார்க்கை அடுத்த ஐ.பி.எம். ஆராய்ச்சிசாலை ஒன்றில் அவர் பேசினார். கேட்க வந்தவர்களில் டொனால்டு சேம்பர்லின் என்ற இளைஞரும் ஒருவர். பாக்மன் வகுத்த வலையில் வழி கண்டுபிடிப்பதில் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தவர் அவர். வலையில் ஐந்து பக்கம் புரோகிராம் எழுத வேண்டிய கேள்விகளை, மேடையில் நின்றவர் ஒரே வரியில் எழுதிக் காட்டுவதைக் கண்டு பிரமித்துப் போனார். 'தம் மேலதிகாரியைவிட அதிகச் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்கள் யார்?' என்பது போன்ற கேள்விகள் அவை. எந்தக் கம்பெனியிலும் சுவாரஸ்யமான கேள்விதான்!

ஆனால் ஒரு சங்கடம். அந்த ஒற்றை வரி, கணித சாஸ்திரத்தின் குறியீடுகளால் ஆனது. தலைகீழாக எழுதிய எழுத்தும் விசித்திரமான கொக்கிகளுமாக இருந்தால் சாதாரண மனிதர் கிட்டே வருவாரா? சேம்பர்லினும் அவருடைய சகா ரேமண்டு பாய்ஸும் இதைப் பற்றி யோசித்தார்கள். ஒருவர் கேள்வி போடுவார்; மற்றவர் அதை எளிதாக எழுதும் வழி தேடுவார். இருவரும் ஸான் ஹோஸேக்கு மாறி வந்த பிறகு, இந்த விளையாட்டிலிருந்து ஒரு மொழி பிறந்தது. சாதாரண இங்கிலீஷ் வார்த்தைகளாலான மொழி. தமிழில் சொல்வதானால் அதன் வாக்கியம் இப்படி இருக்கும்: 'பெயரை எடு, மொய் நோட்டிலிருந்து, தொகை 501-க்கு மேல் உள்ள இடத்தில்.' அவ்வளவுதான். எந்தப் பீரோ, எந்தத் தட்டு என்ற பேச்சே இல்லை. 'ஸீக்வெல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு விமானக் கம்பெனிக்கு உரிமையாக இருந்ததால், பின்னால் எஸ்.க்யூ.எல். என்று சுருங்கிற்று.

1974-ஆம் வருஷம் மே மாதம், ஆன் ஆர்பர் நகரில் ஒரு மகாநாடு. காட் அவர்கள் மாணவராக இருந்த அதே ஊர். ஸீக்வெலைப் பற்றிய கட்டுரை அங்கேதான் அரங்கேறியது. அதே மகாநாட்டில் அவருக்கும் பாக்மனுக்கும் நேருக்கு நேர் வாதம் நடந்தது. பாக்மன் லேசான ஆளல்ல. முந்திய வருஷம்தான் கணிப்பொறித் துறையின் தலைசிறந்த பரிசான டூரிங் விருதைப் பெற்றிருந்தார். விருது ஏற்புரையில் புரோகிராம் எழுதுபவனை மாலுமி என்று வர்ணித்தார். தகவல் கடலில் கப்பல் ஓட்டி, வழி கண்டுபிடித்துப் போகிறவன் அவன். அழகான கற்பனைதான். ஆனால் டெட் காட் அவர்களின் கட்சியோ, பிரயாணி ஏன் கப்பல் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது.

எதிர்க்கட்சியாரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்பவன் வழி சொல்ல வேண்டியதில்லை, சரி. அப்படியானால் வழியை யார் கண்டுபிடிப்பது? யந்திரமா? திறமையுள்ள மனிதன் குறுக்கு வழியில் ஒரு நொடியில் போய் வருகிற இடத்துக்கு, யந்திரம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு விடிய விடிய அல்லவா போகும்? அட்டவணையெல்லாம் கரும்பலகைக்கு அழகு. கடைத்தெருவுக்கு உதவாது — இதுதான் அவர்களுடைய வாதம். செய்து காட்டினாலொழிய இதற்குப் பதில் கிடையாது.

செய்து காட்ட ஸான் ஹோஸேயில் ஒரு கூட்டம் முனைந்தது. 'ஸிஸ்டம் ஆர்' என்பது அந்த முயற்சியின் பெயர். அந்தக் கூட்டத்துக்கு ஆரம்பத்திலேயே ஒரு பேரிடி விழுந்தது. அதே 1974-ஆம் வருஷத்தில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து ரேமண்டு பாய்ஸ் காலமானார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டில் கைக்குழந்தை. மொழி பிறந்து வாய் திறப்பதற்குள், அதைப் பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார்.

மற்றவர்கள் வேலையை விடவில்லை. யந்திரம் எப்படி வழி கண்டுபிடிக்கும் என்ற கேள்விக்கு விடை, பட்ரீஷியா ஸெலிஞ்சர் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. மொய் நோட்டு உதாரணத்துக்கே வருவோம். ஒரு நோட்டில் பத்து வரி, இன்னொன்றில் பதினாயிரம் வரி. பெரியதைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் சின்னதைத் தேடுவதா? சின்னதை வைத்துக்கொண்டு பெரியதில் தேடுவதா? பெரியதற்கு அகர வரிசைப் பட்டியல் ஒன்று இருக்கிறதா? கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை எழுந்து நடப்பதற்கு முன் மனசுக்குள் போடும் இந்தக் கணக்கை யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை உத்தேசமாக மதிப்பிட்டு, குறைந்த செலவுள்ள வழியை அதுவே தேர்ந்தெடுக்கும். நோட்டு பெருத்தால், நாளைக்கு வேறு வழியைத் தேர்ந்தெடுக்கும். கேள்வியை ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. 1977-இலேயே பிராட் அண்டு விட்னி என்ற விமான எஞ்சின் கம்பெனி ஸிஸ்டம் ஆரைத் தன் இடத்தில் நிறுவிப் பரீட்சை பார்த்தது. கரும்பலகைக்கு மட்டும் அழகு என்ற பேச்சு அதோடு அடங்கத் தொடங்கியது.

இங்கேதான் கதையில் ஒரு வேடிக்கை. ஐ.பி.எம். இந்த ஆராய்ச்சியைப் பூட்டி வைக்கவில்லை. கட்டுரை கட்டுரையாகப் பத்திரிகைகளில் வெளியிட்டுக்கொண்டே இருந்தது. பத்திரிகையில் வந்ததை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் அல்லவா? பெர்க்லி சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் படித்தார்கள். 1973-இல் 'இங்க்ரெஸ்' என்ற தங்கள் சொந்த முயற்சியைத் தொடங்கினார்கள். லாரி எல்லிஸன் என்பவரும் படித்தார். அவரும் இரண்டு நண்பர்களும் 1977-இல் ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்து, 1979-இல் 'ஆரக்கிள்' என்ற பெயரில் எஸ்.க்யூ.எல். பேசும் சரக்கை விற்கத் தொடங்கினார்கள். அதற்கு 'இரண்டாம் பதிப்பு' என்று பெயர் கொடுத்தார்கள். முதல் பதிப்பு என்று ஒன்று விற்பனைக்கே வரவில்லை. முதல் பதிப்பை யார் நம்பி வாங்குவார்கள்? ஐ.பி.எம். தன் சொந்தச் சரக்கைக் கடைக்குக் கொண்டுவந்தது 1981-இல். பெரிய யந்திரங்களுக்கான டி.பி.2 வந்தது 1983-இல். வீட்டில் சமைத்த சாப்பாட்டை அடுத்த வீட்டார் முதலில் சாப்பிட்டுவிட்டுப் போன கதைதான்.

1981-இல் டூரிங் விருது டெட் காட் அவர்களைத் தேடி வந்தது. ஜயித்துவிட்டார், ஆனால் திருப்தி அடைந்தாரா? உலகம் ஏற்றுக்கொண்ட மொழி அவர் செய்த மொழியல்ல. அவர் 1971-இல் 'ஆல்ஃபா' என்று ஒன்று வகுத்திருந்தார். அதை யாரும் கடைக்குக் கொண்டுவரவில்லை. எஸ்.க்யூ.எல்.லில் ஒரே வரி இரண்டு தடவை வரலாம். கணித சாஸ்திரப்படி அது குற்றம். ஒரு உண்மையை இரண்டு தடவை சொன்னால் இரண்டு உண்மை ஆகிவிடுமா என்பது அவர் வாதம். 1984-இல் ஐ.பி.எம்.மை விட்டு விலகினார். 1985-இல், அட்டவணை முறை என்று விளம்பரம் செய்துகொண்டு எதையெதையோ விற்கிறார்களே என்று பொறுக்காமல், 12 விதிகள் வகுத்துப் பத்திரிகையில் வெளியிட்டார். விதிகளுக்கு முன்னால் பூஜ்யமாவது விதி என்று ஒன்றும் வைத்தார்! 1988-இல் எஸ்.க்யூ.எல்.லின் குறைகளைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அதற்குள் அது அமெரிக்காவிலும் சர்வதேச அளவிலும் அங்கீகாரம் பெற்ற பொது மொழியாகிவிட்டது. கோயிலைத் திட்டமிட்டவர், கட்டி முடித்துக் கும்பாபிஷேகமும் நடந்த பிறகு, "கோபுரம் அரை அடி சாய்ந்திருக்கிறது" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தது போல ஆயிற்று. அவர் சொன்னது சரிதான். ஆனால் ஜனங்கள் உள்ளே போய்க் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

2003-ஆம் வருஷம் ஏப்ரல் 18-ஆம் தேதி, தம் எழுபத்தொன்பதாவது வயதில், ஃபுளோரிடாவில் அவர் காலமானார்.

இன்று எஸ்.க்யூ.எல். பேசாத பாங்கியோ ஆஸ்பத்திரியோ அபூர்வம். நம் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசிக்குள்ளேயும் அட்டவணைகளும் அந்த மொழியும் குடியிருக்கின்றன. ஆனால் சேம்பர்லினும் பாய்ஸும் கண்ட கனவு முழுவதும் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படிப்பும் பயிற்சியும் இல்லாத சாதாரண மனிதர் தாமே உட்கார்ந்து கேள்வி கேட்பார் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு: அந்த மொழியையும் நிபுணர்களே எடுத்துக்கொண்டார்கள். இருந்தாலும் அந்த நிபுணர்கள் இப்போது மாலுமிகள் அல்ல, அவர்களும் கேட்கிறவர்கள்தான்.

ஒரு பொருளை வைத்திருப்பவனுக்கு அது இருக்கும் இடத்தை மறைத்து வைத்துக்கொள்வதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. வழி தெரிந்தவனுக்கே விடை என்றால், வழி தெரியாதவன் என்றைக்கும் வாசலில்தான் நிற்க வேண்டும். டெட் காட் அவர்கள் தொட்டது கணித சாஸ்திரத்தைத்தான். ஆனால் அசைந்தது இந்த அதிகாரம். ஆகையால்தான் அவ்வளவு எதிர்ப்பு.

கணிப்பொறி படிக்கும் மாணவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு செய்தியைப் பல இடத்தில் எழுதி, ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் மறந்துபோய்ப் பொய்யாக்கிவிடாமல் அட்டவணைகளை எப்படிப் பிரித்து எழுதுவது என்கிற பாடம். அதில் வரும் ஒரு விதிக்கு 'பாய்ஸ்–காட் முறை' என்று பெயர். பரீட்சைக்காக அதை உருப்போடும் பிள்ளைகள் அது ஒரே மனிதரின் பெயர் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். எண்பதை எட்டவிருந்த ஒருவரும், முப்பதைக்கூடக் காணாத ஒருவரும் அந்தச் சின்னக் கோட்டின் இரு பக்கத்திலும் நிற்கிறார்கள். இளையவரின் பெயர்தான் முதலில் வருகிறது.